கேயாஸ் ஏ.டி.: வேகத்தைக் குறைத்தபின் விழுந்த அடி

முதலில் கேட்பது ஓர் இதயத்துடிப்பு. குழுவின் பாடகர் மேக்ஸ் கவலேராவின் மகன் ஸயன் தாயின் வயிற்றில் இருந்தபோது பதிவான ஒலி அது. கருவிலிருக்கும் குழந்தையின் துடிப்பு என்பதால் நம்முடையதைவிட வேகம்; குதிரை ஓடுவது போல இருக்கும். சில நொடிகளில் அதன்மேல் டிரம்ஸ் ஏறுகிறது. வாசிப்பவர் மேக்ஸின் தம்பி இகோர். ஆக, அண்ணன் மகனின் நெஞ்சுத்துடிப்புக்கு மேல் சித்தப்பா கொட்டும் கொட்டோடு இந்த ஆல்பம் தொடங்குகிறது. அடுத்து மேக்ஸ் வாயைத் திறந்தால் தெருவில் டாங்கிகள், போலீஸோடு மோதல்.

பிரேசிலின் மெட்டல் குழுவான செபுல்துரா 1993இல் ரோட்ரன்னர் நிறுவனத்தின் வழியாக வெளியிட்ட ஐந்தாவது ஆல்பம் இது. 12 பாட்டு, 47 நிமிடம். மேக்ஸ் குரலும் ரிதம் கிட்டாரும், ஆண்ட்ரியாஸ் கிஸர் லீட் கிட்டார், பாலோ ஜூனியர் பேஸ், இகோர் டிரம்ஸ். தயாரிப்பு ஆண்டி வாலஸ். பதிவான இடம் வேல்ஸில் மான்மவுத் ஊருக்குப் பக்கத்திலுள்ள ராக்ஃபீல்டு ஸ்டூடியோ. அட்டை ஓவியம் மைக்கேல் வீலன்.

அரசியல் பேசும் மெட்டல் ஆல்பங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு நோய் உண்டு. பாட்டு வரியைக் காகிதத்தில் படித்தால் புரட்சி, காதில் கேட்டால் வழக்கமான மெட்டல். வரியை மாற்றிப் பேய்க்கதை எழுதிப் பாடினாலும் இசை அப்படியே பொருந்தும். கேயாஸ் ஏ.டி.யின் நல்ல பாட்டுகளில் அது நடக்காது. இதில் வரிகள் சுமார்தான். பாதி சுவரெழுத்து மாதிரி. வாதத்தை எடுத்து வைப்பது டிரம்ஸும், அடிகளுக்கு நடுவே விட்ட இடைவெளியும்.

எப்படி என்று பார்க்க, இதற்கு முந்தைய அரைஸ் ஆல்பத்தைப் பக்கத்தில் வைத்துக் கேட்க வேண்டும். 1991இல் வந்தது, ஃபுளோரிடாவின் மாரிசவுண்டு ஸ்டூடியோவில் ஸ்காட் பர்ன்ஸ் தயாரித்தது. அதில் எல்லாமே வேகம். ஒரு தாள அடியை நான்காக வெட்டிய பதினாறாம் பிரிவு சுரங்களை கிட்டார் விடாமல் அரைக்கும், இரு காலாலும் அடிக்கும் டபுள் பேஸ் டிரம் அடியில் உருளும், நான்கு நொடிக்கு ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு) மாறும். பிரமாதமான வேலைதான். ஆனால் அந்த வேகத்தில் ஒவ்வொரு அடிக்கும் உடம்பு இருக்காது. ஒரு டாம் (டிரம்ஸ் தொகுப்பில் ஆழமாக ஒலிக்கும் முரசு) அடித்து அதன் ஒலி அடங்கக் கால்நொடிக்கு மேல் ஆகும். அதற்குள் அடுத்த அடி வந்துவிட்டால் கேட்பது குச்சி படும் ‘டிக்’ மட்டும்தான், தோல் அதிரும் ‘தொம்’ கேட்காது. கேயாஸ் ஏ.டி.யில் வேகத்தைக் குறைத்தார்கள், அந்தத் ‘தொம்’ வெளியே வந்தது. ஆல்பத்தின் ரகசியம் பெரும்பாலும் இவ்வளவுதான்.

1992இல் மினிஸ்ட்ரி, ஹெல்மெட் குழுக்களோடு செய்த சுற்றுப்பயணம் இதற்கு ஒரு காரணம் என்பது காதுக்கே தெரியும். ஹெல்மெட்டிடமிருந்து வந்தது வெட்டி நிறுத்தும் ரிஃப். மினிஸ்ட்ரியிடமிருந்து வந்தது ஒரே ரிஃப்பை இயந்திரம் போலத் திரும்பத் திரும்ப ஓட்டும் துணிச்சல். ஆனால் தாளம் இரவல் இல்லை. சாம்பா வாத்தியக் கூட்டத்தில் பெரிய முரசு அடிப்படைத் தாளத்தைப் பிடித்து நிற்க, சின்ன முரசுகள் அதன் குறுக்கே அடுக்கும். இகோர் அந்த வேலையை ஒரே ஆளாகப் பிரித்துச் செய்கிறார்: கால் பெரிய முரசின் பங்கைப் பிடிக்கிறது, கைகள் ஹை-ஹாட்டை (ஜோடித் தட்டுகளை) விட்டு டாம்களுக்கு இறங்குகின்றன. சாதாரண ராக் டிரம்ஸில் டாம் என்பது பாட்டின் ஒரு பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் உருட்டும் பொருள். இங்கே டாம்தான் பாட்டின் முகம். பறையடிக்குப் பழகிய காது இதைச் சட்டென்று பிடித்துக்கொள்ளும். கிட்டாரை மட்டுமே தேடும் காதுக்குத்தான் இரண்டு மூன்று முறை கேட்க வேண்டியிருக்கும்.

டெரிட்டரி பாட்டின் தொடக்கம் இதற்கு நல்ல சான்று. கிட்டார் வருவதற்கு முன்பே இகோர் தனியாக அடித்து இடத்தைப் பிடித்துவிடுகிறார். பிறகு நுழையும் ரிஃப் கனமானது, அவசரமே படாதது. நிலத்துக்கான சண்டையைப் பற்றிய பாட்டு. காணொளியை இஸ்ரேலில் எடுத்தார்கள், சாக்கடல் சேற்றைப் பூசிக்கொண்டு குழுவினர் நிற்கும் காட்சி அதில் உண்டு. பாட்டு எந்தப் பக்கத்துக்கும் வக்காலத்து வாங்குவதில்லை. நிலத்தைப் பிடிக்கும் ஆசையும் அதற்குத் துணைபோகும் பிரசாரமும் எங்கும் ஒன்றுதான் என்கிறது. வரியாகப் பார்த்தால் இது ஒரு மேம்போக்கான கருத்து. ஆனால் அந்த ரிஃப் நகர மறுக்கும் விதத்தைக் கேளுங்கள். ஒரு அடி முன்னால் வைத்து, நின்று, மறுபடி அதே இடத்துக்குத் திரும்புகிறது. நாலே முக்கால் நிமிடமும் எல்லைக்கோட்டில் நிற்பது போலவே இருக்கும்.

வாலஸின் மிக்ஸிங்கைப் பற்றி, அதாவது தனித்தனியாகப் பதிவான ஒலிகளைக் கலந்து சமன் செய்த விதத்தைப் பற்றி, தனியாகச் சொல்ல வேண்டும். நிர்வாணாவின் நெவர்மைண்டு, ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷினின் முதல் ஆல்பம் இரண்டையும் மிக்ஸ் செய்த கை. அரைஸையும் மிக்ஸ் செய்தது அவரே, எனவே குழுவுக்குப் புதியவர் இல்லை. இங்கே அவர் டிரம்ஸைக் கேட்பவரின் முகத்துக்கு நேரே நிறுத்துகிறார், அறையின் எதிரொலியையும் கூடவே வைத்துக்கொள்கிறார். கிட்டார்களை இடது வலது ஓரங்களுக்குத் தள்ளி நடுவைக் காலியாக்குகிறார். அந்தக் காலி இடத்தில் ஸ்நேரும் (சடாரென்று வெடிக்கும் சின்ன முரசு) பேஸ் டிரம்மும் மேக்ஸின் குரலும். கிட்டார் நிற்கும் ஒவ்வொரு இடைவெளியிலும் அறையின் காற்று கேட்கும். ஹெட்ஃபோனில் முதல் பாட்டான ரெஃப்யூஸ்/ரெசிஸ்ட் கேட்கும்போது கிட்டார் வெட்டி நிற்கும் இடங்களை மட்டும் கவனியுங்கள். அங்கே சுத்தமான மௌனம் கிடையாது. ஸ்நேரின் வால் மெல்ல இறங்கிக்கொண்டிருக்கும்.

மேக்ஸின் குரலைப் பற்றி இரண்டு வரி. ஆங்கிலம் அவருக்குத் தாய்மொழி இல்லை, அதை மறைக்கவும் அவர் பார்ப்பதில்லை. சொற்களை அசை அசையாக உடைத்து ஒவ்வொன்றையும் ஸ்நேரின் மேல் அறைகிறார். இலக்கணம் அங்கங்கே நொண்டும். கூட்டத்தில் கோஷம் போடுகிறவர் இலக்கணம் பார்த்தா போடுகிறார்?

ஆல்பத்தின் உச்சம் பத்தாவது பாட்டு, மேனிஃபெஸ்ட். 1992 அக்டோபர் 2, வெள்ளிக்கிழமை. சாவ் பாவ்லோவின் கரந்திரு சிறையில் 9ஆம் கட்டடத்தில் கைதிகளுக்குள் சண்டை மூண்டது. ராணுவப் போலீஸ் உள்ளே புகுந்தது. முடிவில் 111 கைதிகள் பிணமானார்கள். போலீஸ் தரப்பில் ஓர் உயிர்கூடப் போகவில்லை. அதற்கு மூன்று நாள் முன்புதான் ஊழல் புகாருக்காக அதிபர் கோலோர்மேல் பதவிநீக்க விசாரணை தொடங்க நாடாளுமன்றம் வாக்களித்திருந்தது. 1964 முதல் 1985 வரை நீடித்த ராணுவ ஆட்சி போய் ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது. சீருடை மாறியதே தவிர பழக்கம் மாறவில்லை என்ற எண்ணம் அந்த நாட்டு இளைஞர்களுக்கு வந்த நேரம்.

இதைப் பாட்டாக்க மேக்ஸ் கையாளும் முறை வேறு மாதிரி. பாடவில்லை, செய்தி வாசிக்கிறார். குரலின் அடிப்பகுதியையும் மேல்பகுதியையும் வெட்டிவிட்டு நடுப்பகுதியை மட்டும் விட்டிருக்கிறார்கள். தொலைபேசியிலோ மலிவான ரேடியோவிலோ கேட்பது போல இருக்கும். தேதி, இடம், நடந்தது, எல்லாம் தட்டையாக வருகிறது. அதன் கீழே இசைக்குழு முழு அகலத்தில் அடிக்கிறது. சின்ன ரேடியோவுக்குள் அடங்கிய செய்தி, அதற்குள் அடங்காத நிகழ்ச்சி: இந்த இரண்டுக்கும் உள்ள அளவு வித்தியாசத்தை மிக்ஸிங்கிலேயே காட்டிவிடுகிறார்கள். அந்தக் கட்டடத்தின் பெயரைப் போர்த்துகீசில் கத்தும்போது மட்டும் குரல் முழுசாக வெளியே வருகிறது. ‘அநியாயம்’ என்று ஒரு பெயரடை சேர்த்திருந்தால்கூடக் கெட்டிருக்கும்.

கரந்திரு வழக்கு பிறகு போன போக்கைத் தெரிந்துகொண்டு கேட்டால் இந்தப் பாட்டின் செய்தி வாசிப்பு இன்னும் உறைக்கும். நடவடிக்கைக்குத் தலைமை தாங்கிய கர்னல் உபிரத்தான் கிமராயிஸுக்கு 102 பேரின் சாவுக்காக 2001இல் 632 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தார்கள். 2006இல் மேல்நீதிமன்றம் அதை ரத்து செய்தது. 2013, 2014இல் 70க்கும் மேற்பட்ட போலீஸாருக்குக் கிடைத்த தண்டனைகளையும் 2016இல் ஒரு நீதிமன்றம் செல்லாதென்றது. சிறையை மட்டும் 2002இல் இடித்துவிட்டார்கள்.

நடுவில் ஐந்தாவதாக வரும் கயோவாஸ் முழுக்க வாத்திய இசை. அகூஸ்டிக் கிட்டார்களும் கைமுரசுகளும்தான், மின்சாரம் இல்லை. மாத்தோ குரோசோ தோ சுல் மாநிலத்தில் நிலத்தை மாட்டுப் பண்ணைகளுக்குப் பறிகொடுத்து, அந்தத் துயரத்தில் தற்கொலைகள் பெருகிய குவரானி-கயோவா பழங்குடியினரை நினைத்துச் செய்தது. ஸ்டூடியோவை விட்டு வெளியேறி, வேல்ஸின் செப்ஸ்டோ கோட்டை இடிபாட்டுக்குள் உட்கார்ந்து பதிவு செய்தார்கள். கூரையில்லாத கல்சுவர் என்பதால் எதிரொலி மூடிய அறைபோல் சுற்றிச் சுற்றி வராது. சுவரில் பட்டு மேலே போய்விடும். முரசொலிக்குப் பின்னால் ஒரு வெட்டவெளி இருப்பதைக் கேட்கலாம். பேச ஒரு சொல்லும் இல்லாமல் விட்டது நல்ல முடிவு. இவர்களே அந்த மக்களின் குரலாகப் பாடியிருந்தால் சங்கடமாகப் போயிருக்கும்.

எல்லாம் இந்தத் தரத்தில் இல்லை. பயோடெக் இஸ் காட்ஸில்லா 1 நிமிடம் 52 நொடி ஓடும் பங்க் பாட்டு. வரிகள் அமெரிக்க பங்க் குழுவான டெட் கென்னடீஸின் ஜெல்லோ பியாஃப்ராவுடையவை. 1992இல் ரியோவில் நடந்த பூமி உச்சிமாநாட்டில் தொடங்கி, அமேசானின் மரபணுக்களை நிறுவனங்கள் சுரண்டுவதைச் சொல்வது வரை சரி. அந்தக் கவலை பிற்பாடு நியாயமாகவே போனது. ஆனால் எய்ட்ஸும் ஆய்வகத்தில் செய்ததோ என்று ஒரு கேள்வியைச் செருகுவது வெறும் வதந்தி. நல்ல புகாரைக் கெடுக்க ஒரு கெட்ட சாட்சி போதும். வீ ஹூ ஆர் நாட் ஆஸ் அதர்ஸ் தலைப்பு வரியையே திரும்பத் திரும்பச் சொல்கிறது; ரிஃப் நன்று, ஆனால் அதற்கு மூன்றே முக்கால் நிமிட நீளம் அதிகம். பதினோராவதான தி ஹன்ட், இங்கிலாந்துக் குழுவான நியூ மாடல் ஆர்மியின் 1986 பாட்டு. வாசிப்பில் குறையில்லை. ஆனால் மேனிஃபெஸ்ட் முடிந்தவுடன் வேறொரு நாட்டுக் குழுவின் பாட்டைக் கேட்கும்போது கவனம் அறுந்துபோகிறது. ஆல்பத்தின் முற்பாதியில் வைத்திருந்தால் பிழைத்திருக்கும்.

ஸ்லேவ் நியூ வேர்ல்டு, ப்ராப்பகண்டா, நோமாட் மூன்றும் திடமானவை. பயோஹசார்ட் குழுவின் ஈவன் சைன்ஃபெல்டு சேர்ந்து எழுதிய ஸ்லேவ் நியூ வேர்ல்டு மூன்று நிமிடத்துக்குள் முடிந்துவிடுவதால் தினமும் கேட்கத் தாங்கும். நாடற்று அலைகிறவர்களைப் பற்றிய நோமாடில் கிட்டார் தொனி எல்லாவற்றிலும் தடிமன்.

இனி கேட்கும் வழி. இந்த ஆல்பத்தின் பாதி எடை சுமார் 60 முதல் 120 ஹெர்ட்ஸுக்குள், அதாவது ஒலியின் தாழ்ந்த அடிப்பகுதியில், இருக்கிறது. போன் ஸ்பீக்கரிலும் உள்ளங்கை அளவு ப்ளூடூத் ஸ்பீக்கரிலும் அந்தப் பகுதி வரவே வராது. வருவது கிட்டார் இரைச்சலும் மேக்ஸின் கத்தலும்தான். ‘ஒரே சத்தம்’ என்று அணைத்துவிடுவார்கள், அது அவர்கள் தப்பில்லை. ஒற்றை ஸ்பீக்கரில் இன்னொரு கோளாறும் உண்டு. இடதும் வலதும் ஒன்றாகக் கலப்பதால், ஓரத்துக்குத் தள்ளிய கிட்டார்கள் நடுவுக்கு வந்து ஸ்நேரின் மேலேயே உட்கார்ந்துகொள்ளும். சாதாரண இயர்ஃபோனாக இருந்தாலும் காதில் இறுகப் பொருந்தினால் போதும். ரப்பர் முனை தளர்ந்தால் முதலில் கசிவது அடி ஒலி. அளவு பெரிய முனை மாட்டிப் பாருங்கள்.

ஈக்வலைசரில் ‘ராக்’ என்ற ஆயத்த அமைப்பைத் தொடாதீர்கள். அது அடியையும் உச்சியையும் ஏற்றி நடுவைக் குழிக்கும். இந்த ஆல்பத்தின் கிட்டாரும் குரலும் அந்த நடுவில்தான் வாழ்கின்றன. மேனிஃபெஸ்டின் ரேடியோக் குரல் கிட்டத்தட்டக் காணாமல் போகும். எல்லாவற்றையும் பூஜ்யத்தில் வைத்துத் தொடங்குங்கள். ஒலி கம்மலாக, போர்வைக்குள்ளிருந்து வருவது போல இருந்தால் 250 ஹெர்ட்ஸில் 2 டெசிபல் மட்டும் குறையுங்கள். காது வலித்தால் 3 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் 1 அல்லது 2. அதற்கு மேல் திருத்தினால் வாலஸின் மிக்ஸ் போய் உங்கள் மிக்ஸ்தான் மிஞ்சும்.

எந்தப் பதிப்பு வாங்குவது? பாட்டுகள் மட்டும் போதுமென்றால் பழைய சிடியே தாராளம், கைமாறிய பிரதிகள் கிடைக்கும். 1996 மறுபதிப்பில் கயோவாஸின் கூட்டு முரசு வடிவமும் மேடைப் பதிவுகளும் கூடுதல். டிரம்ஸுக்காக வாங்குகிறவர்கள் இதைத் தேடலாம். பிரேசில் பதிப்பில் டிட்டாஸ் குழுவின் பொலிசியா பாட்டைப் போர்த்துகீசில் பாடியிருக்கிறார்கள். மேக்ஸ் தன் மொழியில் எவ்வளவு லாகவமாகக் கத்துகிறார் என்பதைக் கேட்டால், ஆங்கிலத்தில் அசை உடைப்பது ஏனென்று விளங்கும். 2017இல் ரைனோ வெளியிட்ட விரிவான பதிப்பு சேகரிப்பவர்களுக்கானது. புதிய மாஸ்டரையும் (வெளியீட்டுக்குத் தயாரான இறுதி ஒலி) பழையதையும் ஒப்பிடும்போது இரண்டின் சத்தத்தையும் முதலில் சமமாக்குங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பதே ‘தெளிவு’ போலக் காதை ஏமாற்றும்.

வினைல் வாங்குகிறவர்கள் ஒரே தட்டா இரண்டா என்று அட்டையின் பின்புறம் பாருங்கள். 47 நிமிடத்தையும் ஒரே தட்டில் அடைத்தால் பக்கத்துக்கு 23 நிமிடத்துக்கு மேல் போகும். அடி ஒலி கனமாக இருந்தால் வரிப்பள்ளம் அகலமாக ஓட வேண்டும். இடம் போதாதபோது பள்ளத்தை வெட்டுகிறவர் ஒட்டுமொத்த ஒலி அளவைக் குறைப்பார், அல்லது அடியைக் கொஞ்சம் சுருக்குவார். பக்கத்தின் கடைசிப் பாட்டில், மையத்தை நெருங்கும்போது ‘ஸ்’ ஒலிகளும் சிம்பலும் கரகரக்கும். ஊசியின் எடை அதைச் செய்த நிறுவனம் சொன்ன அளவுக்குக் கீழே இருந்தால் அது இரட்டிப்பாகும்.

வாசித்துப் பார்க்க நினைக்கிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது கிட்டார் ஒலியைக் கரகரக்க வைக்கும் டிஸ்டார்ஷனில். ஆல்பம் கனமாக ஒலிக்கிறதே என்று அதன் அளவைக் கூட்டும் கெயினை முழுக்க ஏற்றுவார்கள். கெயின் கூடினால் ஒவ்வொரு வெட்டின் முன்விளிம்பும் மழுங்கும். பாதியில் வைத்துவிட்டு வலது கையால் அழுத்தி அடித்தால்தான் இந்த ஒலி வரும். கம்பிகளின் சுருதியை வழக்கத்தைவிடத் தாழ்த்தித்தான் வாசிக்க வேண்டும். 9 அல்லது 10 கேஜ் (தடிமன்) கம்பியைத் தாழ்த்தினால் தொங்கிப்போய் ஒவ்வொரு அடியிலும் சுருதி மேலேறி இறங்கும். 11 கேஜ் தொகுப்பாவது போடுங்கள், போட்டபின் கிட்டார்க் கழுத்தின் வளைவையும் இன்டோனேஷனையும் (கழுத்து நெடுகச் சுருதி பொருந்துவது) மறுபடி சரிபாருங்கள். மேக்ஸ் மெல்லிய இரண்டு கம்பிகளையும் கழற்றிவிட்டு நான்கு கம்பியில்தான் வாசிப்பார். அதைக் கண்மூடிப் பின்பற்றத் தேவையில்லை. ஆனால் அந்த இரண்டு கம்பிகளையும் தொடாமலே எல்லா ரிதம் ரிஃப்பும் வந்துவிடும் என்று தெரிந்தால் கை வைக்கும் இடம் தெளிவாகும்.

இரைச்சலை வெட்டும் நாய்ஸ் கேட் கருவியில் இன்னொரு பொறி. வெட்டு அளவை ரொம்ப ஏற்றினால் மெதுவாக அடித்த சுரங்களின் தலையையே தின்றுவிடும். ரிலீஸ் நேரத்தை, அதாவது கருவி ஒலியை மூட எடுக்கும் நேரத்தை, நீட்டினால் இடைவெளியில் இரைச்சல் வழியும். கிட்டாரைத் தொடாமல் இருக்கும்போது இரைச்சல் நிற்கும் இடம் வரை மட்டும் அளவை ஏற்றுங்கள், ரிலீஸைக் குறுக்குங்கள், மீதியை உள்ளங்கையால் கம்பியை அமுக்கிச் செய்யுங்கள்.

டிரம்மர்களுக்கு: ரெஃப்யூஸ்/ரெசிஸ்ட் தொடக்கத்தில் எல்லோரும் ஓடுவார்கள். டாமிலிருந்து ஸ்நேருக்குக் கை திரும்பும்போது அவசரம் வந்து ஒட்டிக்கொள்ளும். தாளம் எண்ணும் மெட்ரனோமை வழக்கமான வேகத்தின் பாதியில் வைத்து, காலால் அடிப்பதை மட்டும் முதலில் ஐந்து நிமிடம் பிடித்துவிட்டு அப்புறம் கைகளைச் சேருங்கள். ஃப்ளோர் டாமுக்குள் போர்வையைத் திணிக்க வேண்டாம். அடித்தபின் அது அதிர்ந்து அடங்கத்தான் பாட்டில் அவ்வளவு இடம் விட்டிருக்கிறார்கள்.